பின்சந்தில் அடைபட்ட திறப்பு: ப்ரேசர் டவுன் வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பெங்களூரு ப்ரேசர் டவுனில், கோல்ஸ் சாலையிலிருந்து பிரியும் குறுக்குத் தெரு ஒன்றில் இருக்கும் பழைய வீட்டைப் பற்றியது இந்த ஆய்வு. மூன்று தலைமுறையாக ஒரே தமிழ்க் குடும்பத்தின் கையில் இருக்கும் வீடு. வெளிச்சுவர்களுக்குப் புதுப் பூச்சுப் பூசி வண்ணமடிக்க முடிவு செய்தபோது, சுவர்களில் காணப்பட்ட சில விநோதமான உறுப்புகளை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. கிழக்குச் சுவரில் வரிசையாக நான்கு வட்ட இரும்புத் தகடுகள். கூரை விளிம்புக்குக் கீழே பீங்கான் குமிழ்கள். வராந்தா உத்தரத்தில் இரும்புக் கொக்கிகள். பின்சுவரின் அடியில், தரையையொட்டி, கருங்கல் சட்டம் வைத்துக் கட்டி, பிற்காலத்தில் செங்கல்லால் அடைத்த ஒரு சிறு திறப்பு. எல்லாவற்றையும் வெட்டியெடுத்துவிட்டு ஒரே சமமாகப் பூசிவிடலாம் என்று சொல்லி ஒப்பந்தக்காரர் அதற்கான தொகையையும் குறித்துக் கொடுத்திருந்தார். வெட்டுவதற்கு முன் பார்த்துச் சொல்லும்படி வீட்டுக்காரர் என்னை அழைத்தார். பழைய கட்டடங்களின் பழுதுபார்ப்புதான் என் தொழில்.

பின்சுவர்த் திறப்புக்கு வீட்டில் ஆளுக்கொரு விளக்கம் இருந்தது. நிலக்கரி கொட்டும் வழி என்றார் வீட்டுக்காரர். கோழிகளை அடைக்கும் வாசல் என்றார் அவருடைய மனைவி. போர்க்காலத்தில் குண்டு விழுந்தால் தப்பிப்பதற்காக வெட்டிய சுரங்கத்தின் வாய் என்று கல்லூரியில் படிக்கும் மகன் நண்பர்களிடம் சொல்லிவந்தான். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்த மேஸ்திரி, "வெந்நீர் அடுப்பு சார், எங்கள் பக்கத்திலும் பார்த்திருக்கிறேன்" என்றார். நான்கில் மேஸ்திரியின் விளக்கத்தை மட்டும் எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

முன்பக்கமும் ஓட்டின் முத்திரையும்

முன்பக்கத்துக்கு அதிக நேரம் வேண்டியதில்லை. ஜன்னல்களுக்கு மேலே கூம்பு வடிவில் முன்தள்ளி, செங்குத்தாக மரப்பட்டைகள் அடித்து நிற்கும் முகடுகளைப் பெங்களூர்க்காரர்கள் மங்கி டாப் என்பார்கள். கன்டோன்மென்ட் எனப்பட்ட பிரிட்டிஷ் படைக் குடியிருப்புப் பகுதியின் பங்களாக்களுக்கு அதுவே அடையாளம். வெயிலையும் சாரலையும் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடும். வராந்தாக் கொக்கிகள் மூங்கில் தட்டிகளைத் தொங்கவிட்டவை. பீங்கான் குமிழ்கள், கம்பத்திலிருந்து வந்த மின்கம்பி சுவரில் படாதபடி பிடித்துவைத்தவை. சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து பெங்களூருக்கு மின்சாரம் வந்தது 1905இல். குமிழ்கள் அதற்குப் பிந்தியவை என்பதற்கு மேல் அவற்றிடமிருந்து எதையும் கறக்க முடியாது.

ஓட்டைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பலர் ஏமாறுகிறார்கள். கூரையிலிருந்து கழற்றிய மங்களூர் ஓடு ஒன்றை வீட்டுக்காரர் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார். அதில் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த கிறித்தவ மதப்பணி அமைப்பான பாசல் மிஷனின் பெயரும் 1865 என்ற எண்ணும் பொறித்திருந்தன. வீடு 1865இல் கட்டியது என்று குடும்பம் முழுவதும் நம்பியிருந்தது. உண்மையில் அந்த எண், மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கப்பட்ட ஆண்டு. பிறகு பல காலம் அதே எண்ணை முத்திரையில் வைத்தே ஓடுகளைச் சுட்டார்கள். மங்களூரின் இன்னொரு ஓட்டு நிறுவனமான ஆல்புகர்க்கின் ஓடுகளில் காணப்படும் 1868உம் இதே வகைதான். ஆண்டைவிடப் பெயர் உதவும். முதல் உலகப் போருக்குப் பின் பாசல் மிஷனின் தொழிற்சாலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்தின் கைக்கு மாறின. ஆகவே பாசல் மிஷன் பெயர் தாங்கிய ஓடு பெரும்பாலும் அதற்கு முந்தியதாக இருக்கும். ஆனால் ஓட்டை ஒரு வீட்டிலிருந்து கழற்றி இன்னொரு வீட்டில் போடலாம். ஓடு சொல்வது ஓட்டின் வயதை மட்டுமே. இந்தக் குடும்பத்தின் மூலப் பத்திரம் 1920களைச் சேர்ந்தது. அதில் வீடு ஏற்கெனவே கட்டி நிற்கிறது. ப்ரேசர் டவுன் உருவானது 1910 வாக்கில். இந்த இரண்டுக்கும் நடுவில் வீட்டை வைத்தால் போதும்.

கிழக்குச் சுவரின் தகடுகள்

ஒப்பந்தக்காரர் முதலில் கைவைக்க நினைத்தது இவற்றில்தான். தகடுகள் துருப்பிடித்து, மழைநீரில் பழுப்புக் கோடுகள் சுவரெல்லாம் இறங்கியிருந்தன. பார்ப்பதற்கு அழகில்லை என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் ஒரு சதுர மரை தெரிந்தது. அலங்காரத்துக்கு மரை எதற்கு? மரை இருந்தால் அதன் பின்னால் ஒரு கம்பி இருக்கிறது. கம்பி எதையோ இழுத்துப் பிடித்திருக்கிறது.

உள்ளே போய்ப் பார்த்தோம். முன்பக்கம் ஓட்டுக்கூரையாக இருந்தாலும், சமையலறையை ஒட்டிய பின்கட்டு தட்டையான ஜாக் ஆர்ச் கூரை. கர்டர்கள் எனப்படும் இரும்பு உத்தரங்களை இணையாக வைத்து, ஒவ்வொரு இரண்டு கர்டருக்கும் நடுவே செங்கல்லால் ஆழமில்லாத வளைவு கட்டி, மேலே சுண்ணாம்புக் காரை நிரப்பிச் சமப்படுத்திய கூரை. வளைவு எப்போதும் தன் இரு கால்களையும் வெளிப்பக்கமாகத் தள்ளும். நடுவில் இருக்கும் வளைவுகள் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளுவதால் கணக்குச் சரியாகிவிடுகிறது. கடைசி வளைவுக்கு அந்தப் பக்கம் எதிர்த்து நிற்கத் துணை கிடையாது. அதன் தள்ளல் முழுவதும் ஓரச் சுவரின் மேல் விழும். சுவர் வெளியே சாயாதபடி, கடைசி கர்டரையும் சுவரையும் சேர்த்து இறுக்கும் கம்பிதான் டை ராடு. அதன் வெளிமுனையில் இருக்கும் தகடு, கம்பியின் இழுப்பைச் சுவரின் அகலமான பரப்புக்குப் பகிர்ந்து கொடுக்கிறது.

இதை உறுதிசெய்வது கடினமில்லை. தகடுகள் இருந்த சுவர் கர்டர்களுக்கு இணையாக ஓடியது. அப்படித்தான் இருக்க வேண்டும். தகடுகளின் உயரத்தை வெளியே அளந்து, அதே உயரத்தை உள்ளே குறித்தபோது, வளைவின் கால் தொடங்கும் இடத்தில் வந்து நின்றது. பூச்சின் மேல் காந்தத்தை நகர்த்திப் பார்த்தபோது கம்பியின் தடம் கிடைத்தது. தகடுகளுக்கு நடுவே சம இடைவெளி. நான்கும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒவ்வொன்றின் பின்னாலும் செதுக்கிய கல் பொதித்திருந்தது. எனவே வீடு கட்டும்போதே வைத்தவை. பிற்காலத்தில் சுவர் பிதுங்கியதற்கு மருந்தாக வைத்திருந்தால், தகடுகள் விரிசலுக்குப் பக்கத்தில் முறையற்ற இடைவெளியில் இருக்கும். அறுகோண மரைகளும் கைக்குக் கிடைத்த பட்டைத் தகடுகளுமாக இருக்கும்.

வெட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை வீட்டுக்காரருக்குப் படம் வரைந்து காட்டினேன். ஓரச் சுவர் மெல்ல வெளியே நகரும்; கடைசி வளைவு இறங்கும்; அது இறங்கியதும் அதற்கு அடுத்த வளைவு துணையிழக்கும். கூரை ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக அவிழும். பழைய வீடுகளின் சுவரில் எந்த இரும்பையும், அதன் மறுமுனை எங்கே போகிறது என்று தெரியாமல் வெட்டக்கூடாது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லத் தயாராக இருக்கிறேன். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்து, துத்தநாக பிரைமர் பூசி, தகட்டைச் சுற்றி சிமென்ட் வைக்காமல் சுண்ணாம்புக் காரை வைத்து மூடச் சொன்னேன். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். சிமென்ட் ஈரத்தை உள்ளேயே பூட்டிவைத்து அந்த வேலையை விரைவுபடுத்தும்.

பின்சுவர்த் திறப்பு

வீட்டின் பின்னால், இரண்டு தெருக்களின் வீட்டு முதுகுகளுக்கு நடுவே, ஒரு மாட்டு வண்டி போகும் அகலத்தில் சந்து ஓடுகிறது. பெங்களூரில் இதைக் கன்சர்வன்சி லேன் என்பார்கள். இப்போது பாதிச் சந்தில் பழைய குளிர்சாதனப் பெட்டியும் தண்ணீர்த் தொட்டியும் கிடக்கின்றன. திறப்பு அந்தச் சந்தைப் பார்த்து இருந்தது. அகலம் ஏறத்தாழ ஒன்றரை அடி, உயரம் அதற்குச் சற்றுக் குறைவு. மேலே கருங்கல் விட்டம், கீழே கருங்கல் படி. படி இன்றைய தரைக்கு ஒரு சாண் மேலே இருக்கிறது. பல முறை தார் போட்டுச் சந்து உயர்ந்திருப்பதால், கட்டிய காலத்தில் முழங்கால் உயரத்துக்கு இருந்திருக்கும்.

முதலில் படிக்கல்லைக் கழுவச் சொன்னேன். அது வெளிப்பக்கமாகச் சரிந்திருந்தது. நிலக்கரி கொட்டும் வழி உள்பக்கமாகச் சரிய வேண்டும், அதுவும் உயரத்திலிருந்து. வீட்டுக்காரரின் விளக்கம் அங்கேயே போயிற்று. அடுத்து, விட்டத்துக்குக் கீழே வெளிப்பக்கத்தில் கதவு மாட்டிய இரும்பு முளைகளின் மிச்சம் இரண்டு. எதிர்ப்பக்கம் தாழ்ப்பாள் விழும் குழி. கதவு வெளியிலிருந்து திறந்து வெளியிலிருந்தே பூட்டப்பட்டது. கோழியை அடைப்பவர் தெருவில் போகிறவர் கைக்கு எட்டும்படி தாழ்ப்பாள் வைக்கமாட்டார். தப்பிக்கும் வழிக்கு வெளித் தாழ்ப்பாள் வைப்பதில் பொருளே இல்லை. மகனுடைய சுரங்கமும் போயிற்று.

மேஸ்திரியின் வெந்நீர் அடுப்பு எஞ்சியது. கர்நாடகத்துப் பழைய வீடுகளில் குளியலறையில் பெரிய செப்பு அண்டாவைச் சுவரோடு சேர்த்துக் கட்டி, விறகை வெளியிலிருந்து தள்ளுவது நிறைய உண்டு. உயரம், அளவு, கல் சட்டம் எல்லாம் அதற்கும் பொருந்தும். ஆனால் அடுப்பு எரிந்த இடம் பொய் சொல்லாது. செங்கல் உள்முகம் சுட்டுச் சிவந்து, சில இடங்களில் கண்ணாடிபோல உருகியிருக்கும். காரையில் கரி ஊறியிருக்கும். புகை மேலே போக ஒரு வழி இருக்கும். அடைப்பிலிருந்து இரண்டு செங்கற்களை மட்டும் எடுத்து விளக்கடித்துப் பார்த்தோம். கரியும் இல்லை, சிவப்பும் இல்லை. மாறாக, உள்பக்கத்துக் கல் முகங்கள் மட்டும் நுணுக்கமாகக் கொத்தி வழவழப்பாக்கப்பட்டிருந்தன. கண்ணில் படும் வெளிமுகம் சொரசொரப்பாக, கண்ணில் படாத உள்முகம் வழவழப்பாக. தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டிய இடத்தில்தான் இப்படிச் செய்வார்கள்.

பிறகு உள்ளே போனோம். திறப்புக்கு நேர் பின்னால் இருந்தது சாமான் அறை. வீட்டின் உடம்போடு ஒட்டாமல், சின்ன முற்றத்தைத் தாண்டி, மற்ற தரையைவிட இரண்டு படி உயரத்தில். கதவில்லாத ஒரு காற்றுத் துவாரம் மட்டும் கூரைக்கருகில். இவ்வளவு சிறிய அறையின் தரையை ஏன் உயர்த்த வேண்டும்? கீழே வெற்றிடம் தேவைப்பட்டிருக்கிறது. மேஸ்திரி சிமென்ட் தரையை ஓர் ஓரத்தில் கொத்தினார். அடியில் கற்பலகை, அதில் நீள்வட்டமான ஒரு துளை, செங்கல்லும் சுண்ணாம்பும் போட்டு அடைத்தது, துளைக்கு இருபுறமும் பாதம் வைக்கச் சற்றே உயர்த்திய இடங்கள். மேஸ்திரி உளியைக் கீழே வைத்துவிட்டார்.

வீட்டுக்காரரின் அத்தை, எண்பதைத் தாண்டியவர், முற்றத்தில் நாற்காலி போட்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "அது எடுப்புக் கக்கூஸ், தம்பி" என்றார். "எங்கள் அப்பா காலத்திலேயே அடைத்தார்கள். விடியற்காலையில் தகரம் உரசும் சத்தம் கேட்கும். அந்தப் பக்கம் போகக்கூடாது என்பார்கள்." இத்தனை ஆண்டுகளாக ஏன் சொல்லவில்லை என்று வீட்டுக்காரர் கேட்டார். "யார் கேட்டீர்கள்?" என்றார் அத்தை. வந்தவர்களில் ஒரு பெண்மணியின் முகம் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. பெயர் தெரியவில்லை. வீட்டில் ஒருவரும் அந்தப் பெண்மணியைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை என்றும் அவரே சொன்னார்.

கழிப்பறை மேலே, மலம் விழும் வாளி கீழே, வாளியை எடுக்கும் கை வெளியே. திறப்பின் ஒவ்வொரு அங்கமும் இதற்குப் பொருந்துகிறது. வெளித் தாழ்ப்பாள், எடுப்பவர் வீட்டுக்குள் வராமலே திறப்பதற்கு. வெளிச்சரிவு, கழுவிய நீர் வீட்டுக்குள் திரும்பாமல் சந்துக்குப் போவதற்கு.

சந்து யாருக்காகப் போடப்பட்டது

ஒரு சுவரில் மட்டும் இருந்தால் அது விநோதம். வரிசையாக இருந்தால் அது ஏற்பாடு. சந்தின் நீளத்துக்கும் நடந்தபோது, இன்னும் சில வீடுகளின் பின்சுவரில் இதே உயரத்தில் இதே அளவில் பூச்சு வேறுபட்ட கட்டங்கள் தெரிந்தன. பூச்சு உதிர்ந்த ஒன்றில் கருங்கல் விட்டமும் தெரிந்தது.

1898இல் பெங்களூரில் பிளேக் பரவியது. நெருக்கமான பழைய பேட்டைகளில் மக்கள் கூட்டம் கூட்டமாக இறந்தார்கள். அதன் பிறகு நகரத்தின் பக்கத்தில் மல்லேஸ்வரம், பசவனகுடி போன்ற பகுதிகளும், பிரிட்டிஷ் ஆளுகையில் இருந்த கன்டோன்மென்ட் பக்கத்தில் மைசூரில் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக, அதாவது ரெசிடென்டாக, அன்று இருந்த ஸ்டூவர்ட் ப்ரேசரின் பெயரால் ப்ரேசர் டவுனும் வளர்ந்தன. அகலமான தெரு, காற்றோட்டமான மனை, பின்னால் கழிவு எடுக்கத் தனிச் சந்து என்பது இந்தப் பகுதிகளின் அமைப்பு. நல்ல நகரமைப்பு என்று இதை இன்றும் புகழ்கிறார்கள். தெரு அகலத்தைப் புகழ்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தச் சுகாதாரம், முன்தெருவில் கால் வைக்க அனுமதிக்கப்படாத மனிதர்களின் தோளில் தூக்கி நிறுத்தப்பட்டது. சாதி இங்கே வரைபடத்திலேயே கோடாகப் போடப்பட்டிருக்கிறது. மங்கி டாப்பைப் படமெடுத்துப் போற்றும் நாம், அதே வீட்டின் அதே கொத்தனார் அதே கவனத்தோடு கொத்திய இந்தக் கல்லைப் பார்க்காமல் விடுவது நியாயமில்லை.

மாடி வீடுகளில் இதே ஏற்பாடு வேறு உருவம் எடுத்தது. பின்பக்கத்துச் சுழல் இரும்புப் படி நேராகக் குளியலறைக் கதவில் போய் முடிந்தால், அது அழகுக்காக வைத்ததில்லை. மும்பையில் சால் எனப்படும் பழைய தொழிலாளர் அடுக்குக் குடியிருப்புகளுக்கு நடுவே இருக்கும் குறுகலான இடைவெளிகளும் மலக்கூடை எடுப்பதற்காக விடப்பட்டவையே.

இந்த வேலை நின்றுபோன கதை நீளமானது. 1970களின் தொடக்கத்தில் முதலமைச்சர் தேவராஜ் அர்ஸின் அமைச்சரவையில் இருந்த பி. பசவலிங்கப்பா, கர்நாடகத்தில் தலையில் மலம் சுமப்பதைத் தடைசெய்தார். ஆனாலும், பெங்களூரிலிருந்து ஒரு ரயில் பயணத் தொலைவில், தமிழர்கள் பெருவாரியாக வாழும் கோலார் தங்கவயலில் இப்படி ஆள் வைத்து மலம் எடுக்கும் உலர் கழிப்பறைகள் 1990கள் வரை நீடித்தன. அங்கே பிறந்த பெஜவாடா வில்சன், தன் குடும்பமே செய்துவந்த இந்த வேலைக்கு எதிராகத் தொடங்கிய போராட்டம் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் (துப்புரவுத் தொழிலாளர் இயக்கம்) ஆக நாடு முழுவதும் பரவியது. 2016இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. மலம் அள்ளுவதற்கு ஆள் வைப்பதையும் உலர் கழிப்பறை கட்டுவதையும் தடைசெய்யும் மத்தியச் சட்டம் 1993இலும், இன்னும் விரிவான சட்டம் 2013இலும் வந்தன. ஆந்தோலன் தொண்டர்கள் பல ஊர்களில் உலர் கழிப்பறைகளைத் தங்கள் கையாலேயே இடித்தார்கள். இடிக்க வேண்டியவற்றை இடித்தது சரி.

என்ன செய்தோம்

உலர் கழிப்பறைகளைத் தடைசெய்யும் சட்டம் காரணமாகவே வீட்டுக்காரர் தயங்கினார். இதை வெளியே தெரிய விட்டால் சிக்கல் வருமா என்று கேட்டார். சட்டம் தடைசெய்வது கட்டுவதையும் பயன்படுத்துவதையும். இரண்டு தலைமுறைக்கு முன் அடைத்த சுவரை வைத்திருப்பது அதில் சேராது என்று சொன்னேன். அவருடைய உண்மையான தயக்கம் வேறு. விருந்தினர் வரும் வீட்டில் இப்படியொன்றை எதற்குக் காட்ட வேண்டும் என்பது. முழுவதும் பூசி மறைத்துவிடலாம் என்றார் மனைவி. வேண்டாம் என்றான் மகன். சுரங்கம் போய்விட்ட ஏமாற்றம் அவனிடம் துளியும் இல்லை, அத்தைப் பாட்டியிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தான். முடிவைச் சொன்னவர் அத்தைதான்: "கட்டியபோது வெட்கப்படவில்லை. இப்போது மறைத்து என்ன?"

கருங்கல் சட்டமும் முளைகளும் வெளியே தெரியும்படி விட்டு, சுற்றிலும் சுண்ணாம்புக் காரை பூசினோம். எடுத்த இரண்டு செங்கற்களையும் அதே இடத்தில் வைத்து அடைத்தோம். தகடுகளுக்குச் சொன்னபடி வேலை நடந்தது. திறப்பின் குறுக்குவெட்டுப் படம், சாமான் அறைத் தரையின் படம், அத்தை சொன்னவற்றைத் தேதியிட்டு எழுதிய குறிப்பு ஆகியவை பத்திரத்தின் நகலோடு ஒரே உறையில் இருக்கின்றன. அடுத்து இந்த வீட்டை யார் வாங்கினாலும், எந்த ஒப்பந்தக்காரர் வந்தாலும், அதைப் படித்த பிறகே உளியை எடுக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

வேலை நடக்கும்போதே, சந்தின் கோடியிலிருந்த வீட்டு அம்மாள் வந்து தம் வீட்டுத் திறப்பையும் பார்க்கச் சொன்னார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை: அதே உயரம், அதே கல் விட்டம். அடைப்பின் ஒரு மூலையைத் தட்டியதும் கருகிய காரை உதிர்ந்தது. உள்ளே செங்கல் சிவந்து வெடித்திருந்தது. மேலே புகைவழியின் வளைவு. "நான் சொல்லவில்லையா சார்" என்றார் மேஸ்திரி. அந்த வீட்டைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. சந்தின் வரைபடத்தில் அந்தக் கட்டத்தை மட்டும் வெந்நீர் அடுப்பு என்று குறித்தேன். எஞ்சிய கட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த பிறகே பெயரிட வேண்டும். அதற்கு அந்தந்த வீட்டுக்காரர்களின் சம்மதத்தைக் கேட்டுவருகிறோம்.